எல்லைச் சனம் மலேரியாவுக்கு மருந்தெடுக்க ஏன் பிந்துது?

கேள்வி: ஒரு வாசகர், 4 நவம்பர், பின்னேரம் 6.12

தாய்லாந்து மியன்மார் எல்லைப் பக்கத்து மலேரியா பற்றி ஒரு கட்டுரை வாசிச்சன். காய்ச்சல் தொடங்கி 24 மணித்தியாலத்துக்குள்ள ரத்தம் பாத்து மருந்து தொடங்கவேணும் எண்டு சொல்லுகினம், ஆனா சனம் மூண்டு நாள் நாலு நாள் கழிச்சுத்தான் வருதாம். சோதனைக்கும் காசில்லை, மருந்துக்கும் காசில்லை. பிறகேன் பிந்துது? எனக்கு விளங்கின அளவில படிப்பறிவு இல்லாததும் மூடநம்பிக்கையும்தான். ரெண்டு விழிப்புணர்வுக் கூட்டம் வைச்சாச் சரிவரும். எங்கட இடத்தில இப்பிடி நடக்காது. வேற கருத்து இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

4 நவம்பர், இரவு 9.40

எனக்கு இருக்கு. "எங்கட இடத்தில நடக்காது" எண்டதை வாசிச்ச பிறகு பேசாமல் இருக்க ஏலாமல் எழுதிறன்.

95 ஒக்டோபர் 30 சண்டையால யாழ்ப்பாணம் வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்டு, தென்மராட்சியில கொஞ்ச மாதம் இருந்து, பிறகு கிளாலியால கடல் கடந்து வன்னிக்குப் போன குடும்பம் நாங்கள். 96 கடைசியில ஸ்கந்தபுரம் பக்கம் ஒரு கொட்டில். எனக்கு 13 வயசு, தம்பிக்கு 6. ஒருநாள் பதினொரு மணி போல விளையாடிக் கொண்டிருந்தவன் வந்து குளிருது எண்டான். நல்ல வெய்யில். அம்மான்ர சீலை ரெண்டு, அதுக்கு மேல போர்வை, அதுக்கு மேல அரிசிச் சாக்கு, எல்லாம் போட்டும் பல்லுக் கிட்டி அடிக்குது, நான் அவனுக்கு மேல படுத்துப் பிடிச்சுக் கொண்டிருந்தனான், அவன்ர நடுக்கத்தில நானும் ஆடினன். ஒரு மணித்தியாலத்தால குளிர் போய் நெருப்பாக் கொதிச்சுது. பின்னேரம் போல வேர்த்து, பாயெல்லாம் நனைஞ்சு, நித்திரையாப் போனான். அடுத்தநாள் காலமை எழும்பிப் புட்டுக் கேட்டான். ஓடித் திரிஞ்சான். அம்மா "விட்டிட்டுது" எண்டா. மூண்டாம் நாள் அதே நேரம் திரும்ப வந்துது. நாலாம் நாள் திரும்ப விட்டுது. அஞ்சாம் நாள் இரவு வலிப்பு.

ஆஸ்பத்திரிக்கு ஆறேழு மைல், ரோட்டு எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, சைக்கிள் எங்களிட்டை இல்லை. அதாலதான் பிந்தினது.

இப்ப படிப்பறிவைப் பற்றிச் சொல்லுறன். என்ர அம்மா விஞ்ஞான ரீச்சர். நுளம்பின்ர வாழ்க்கை வட்டத்தைக் கரும்பலகையில கீறிப் பத்தாம் ஆண்டுக்குப் படிப்பிச்சவ. அனோபிலிஸ் நுளம்பு குண்டியைத் தூக்கிக் கொண்டு இருக்கும் எண்டு எனக்குச் சொல்லித் தந்ததும் அவதான். அப்பிடிப்பட்ட மனிசிக்கு அஞ்சு நாள் பிந்தினது.

4 நவம்பர், இரவு 10.25

அந்த 24 மணித்தியாலக் கணக்கு ஏன் எண்டு கேக்கிற ஆக்களுக்கு: மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள்ள போய்ப் பெருகி, குழியத்தை உடைச்சுக் கொண்டு வெளியில வந்து, அடுத்த குழியங்களுக்குள்ள பூரும். இந்த ஒரு சுத்துக்குப் பெரும்பாலும் 48 மணித்தியாலம். உடைக்கிற நேரத்திலதான் நடுக்கம். பல்சிபாரம் எண்ட பொல்லாத வகை ஒரு சுத்துக்குள்ள பத்து மடங்கு வரை பெருகக் கூடியது. அப்ப "நாளைக்குப் பாப்பம், நாளண்டைக்குப் பாப்பம்" எண்டு விட்ட நாலு நாளில ஒண்டு நூறாகலாம். பிறகு அந்தக் குழியங்கள் மூளையின்ர சின்ன ரத்தக் குழாயள்ள போய் ஒட்டிக் கொள்ளும். தம்பிக்கு வலிப்பு வந்தது அப்பிடித்தான்.

காய்ச்சல் விடுற அந்த ஒரு நாள்தான் ஆளை ஏமாத்திறது. தாய்க்கு வேற என்ன தோணும்? பிள்ளை எழும்பிச் சாப்பிடுது.

5 நவம்பர், காலை 6.50

எல்லைக்கு வாறன்.

மியன்மாருக்கும் தாய்லாந்துக்கும் நடுவில மொய் எண்டு ஒரு ஆறு. தாய்லாந்துப் பக்கம் மே சொட், மற்றப் பக்கம் மியாவடி. கோடையில நடந்தே கடக்கலாம் எண்ட அளவுக்கு வத்திற இடங்களும் இருக்கு. கரென் எண்ட மியன்மார்ச் சிறுபான்மைச் சனம் அந்த ஆத்துக்கு ரெண்டு பக்கமும் சீவிக்குது, சண்டைக்கு ஓடி வந்ததுகள், தோட்டக் கூலிக்கு வந்ததுகள், காட்டுக்குள்ள பயிர் செய்யிறதுகள். பயிர்க் காலத்தில வீட்டை விட்டு காணியிலேயே ஒரு கொட்டில் போட்டு மாதக்கணக்கில படுக்கும். நுளம்பு வலை வீட்டில இருக்கும், ஆள் கொட்டில்ல இருக்கும். கூலிக்குப் போறவனுக்கு ஒருநாள் போகாட்டி அண்டைய அரிசி இல்லை. அடையாள அட்டை இல்லாதவன் ரோட்டில ஏறினா செக் பொயின்ட் இருக்கு. அவனுக்குக் காய்ச்சல் வந்தா முதல்ல என்ன செய்வான்? கடையில காய்ச்சல் குளிசை ரெண்டு வாங்கிப் போடுவான். காய்ச்சல் அடுத்தநாள் தானாவே விட்டிடும். குளிசைதான் மாத்தினது எண்டு நினைப்பான்.

பங்களாதேசத்திலயும் இதே கதைதான், அங்கை மலேரியா மிச்சமிருக்கிறது பெரும்பாலும் சிட்டகொங் மலைப்பக்கம்: பந்தர்பன், ரங்கமாட்டி, கக்ராச்சாரி. ஒரு பக்கம் இந்தியா, ஒரு பக்கம் மியன்மார். மலையில சேனை வெட்டிப் பயிர் செய்யிற சனம். மழைக்காலத்திலதான் நுளம்பு கூட, அதே மழையிலதான் பாதையும் அறும்.

மருந்து காசில்லை எண்டு நீங்கள் எழுதினது சரி. ஆனா போய் வாற நாளுக்கு விலை இருக்கு. அதை ஆரும் கணக்கில எடுக்கிறேல்லை.

5 நவம்பர், பகல் 1.15

நேற்று எழுதினதில ஒரு திருத்தம், இது முக்கியம். ஒருநாள் விட்டு ஒருநாள் காய்ச்சல் எண்டதை வாசிச்சிட்டு ஆரும் அந்த முறை வருதோ எண்டு பாத்துக் கொண்டு இருந்திடாதேங்கோ. தம்பிக்கு அப்பிடி வந்தது. பல்சிபாரத்தில கன பேருக்கு முறையே இருக்காது, ஒவ்வொரு நாளும் காயும், விடாமலும் காயும். சிலருக்குக் குளிரே இராது, தலையிடியும் சத்தியும் வயித்தோட்டமும்தான். எங்கட பழைய ஆக்கள் இதை முறைக்காய்ச்சல் எண்டு சொல்லுறதால முறை இல்லாட்டி மலேரியா இல்லை எண்டு ஒரு நினைப்பு இருக்கு. அது பிழை.

6 நவம்பர், காலை 5.30

அக்கா ரொறன்ரோவில இருந்து இரவு எடுத்தவ. நான் எழுதினதை வாசிச்சிட்டாவாம். "நீ எழுதினது பொய்யடா" எண்டா. பொய் எண்டில்லை, நான் சின்னன், எனக்குத் தெரியேல்லை.

நாலாம் நாள் காலமை, தம்பிக்குக் காய்ச்சல் விட்ட நாள், மூண்டு கொட்டில் தள்ளி இருந்த ஒராள் லாண்ட்மாஸ்டர் எண்ட பெட்டி பூட்டின சின்ன உழவு மெசின் கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போனவராம். "ரீச்சர், பெடியனைக் கொண்டு வாறீங்களோ, இடம் இருக்கு" எண்டு வந்து கேட்டவராம். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, "இண்டைக்குப் பதிவு, நாளைக்குப் பாப்பம்" எண்டவவாம். நிவாரண அட்டைக்குப் பதிவு. குடும்பத்தில எல்லாரும் நேர வந்து வரிசையில நிக்கவேணும், ஆள் இல்லாட்டி அந்தப் பேர் வெட்டுப்படும். அஞ்சு பேர்ட அரிசி. அக்கா சொல்லுறா, தம்பியையும் வரிசையில கூட்டிக் கொண்டுபோய் நிப்பாட்டினதாம், அவன் விளையாடிக் கொண்டு நிண்டவனாம், பதியிறவர் அவன்ர கன்னத்தைக் கிள்ளினவராம்.

நான் முதல் எழுதினது "தூரத்தாலதான் பிந்தினது". அதை வாபஸ் வாங்கிறன். வாகனம் வாசலில வந்து நிண்டது.

அம்மா இதை ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லை. செத்து ஆறு வருசம். தான் பிழை விட்டிட்டன் எண்டு நினைச்சுக் கொண்டே போயிருப்பா, அதை நினைக்க எனக்குத் தாங்கேலாமல் இருக்கு. அவ பிழை விடேல்லை. அந்தக் காலமை நான் நிண்டிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பன், இதை வாசிக்கிற நீங்களும் அதைத்தான் செய்திருப்பீங்கள்.

6 நவம்பர், இரவு 8.05

கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார்: "சரி, ஆனா பரியாரியிட்டைப் போறதும் நூல் கட்டுறதும் பிந்த வைக்குதுதானே."

வைக்கும், இல்லை எண்டு சொல்லேல்லை. எங்கட அம்மாவும் மல்லித்தண்ணி அவிச்சுக் குடுத்தவ, திருநீறு போட்டவ. மூண்டாம் நாள் பின்னேரம் அங்கை இருந்த ஒரு வயசுபோன பரியாரியிட்டையும் காட்டினது எனக்கு நல்ல ஞாபகம். ஆள் கண்மடலைக் கீழ இழுத்துப் பாத்தார், தம்பியை நிமித்திப் படுக்க வைச்சு இடப்பக்க விலாவுக்குக் கீழ விரலால மெல்ல அமத்திப் பாத்தார். பிறகு சொன்னார், "பிள்ளை, இது என்ர மருந்துக்குக் கட்டுப்படாது, வயித்தில கட்டி தெரியுது, இங்கிலீஸ் வைத்தியத்துக்குக் கொண்டு போ." காசும் வாங்கேல்லை. மண்ணீரல் வீங்கினதைத்தான் அவர் தொட்டறிஞ்சவர் எண்டு எனக்கு விளங்க எத்தினையோ வருசம் ஆச்சு. அண்டைக்கு எங்களைச் சரியான பக்கம் அனுப்பின முதல் ஆள் அந்தப் பரியாரியார்தான். அப்பிடிப்பட்ட ஆளின்ர கையில ஒரு சோதனைப் பெட்டி இருந்திருந்தால் எண்டு நான் இப்பவும் யோசிக்கிறனான்.

7 நவம்பர், இரவு 11.20

சனம் பிந்துறதைப் பற்றித்தான் எல்லாரும் கதைக்கினம். சனம் வந்த பிறகு பிந்துறதைப் பற்றி ஆரும் கதைக்கிறேல்லை.

2003ல, சமாதான காலம், நான் தொண்டரா நடமாடும் கிளினிக்கோட கொஞ்ச மாதம் வன்னிக்குள்ள திரிஞ்சனான். என்ர வேலை ரத்தம் எடுக்கிறது. இடக்கை மோதிர விரலைத் துடைச்சு ஊசியால குத்தி, முதல் துளியைத் துடைச்சு விட்டிட்டு, அடுத்ததைக் கண்ணாடியில எடுத்து, ஒரு பக்கம் தடிப்பா வட்டமாத் தேய்க்கவேணும், மற்றப் பக்கம் மெல்லிசா இழுக்கவேணும், நாக்கு மாதிரி வரும். தடிப்பான பக்கம் கிருமி இருக்கோ இல்லையோ எண்டு காட்டும், மெல்லிசான பக்கம் எந்த வகை எண்டு காட்டும். பிறகு காய வைக்கவேணும். காய வைக்கேக்கை எறும்பு வரும். உண்மையாத்தான் சொல்லுறன், எறும்பும் இலையானும் கண்ணாடியில இருக்கிற ரத்தத்தை வழிச்சுத் தின்னும், திரும்பிப் பாக்கேக்கை நடுவில ஓட்டை விழுந்திருக்கும். நான் ஒரு தட்டில தண்ணி விட்டு, நடுவில கல்லு வைச்சு, கல்லுக்கு மேல ஸ்லைட்டை அடுக்கப் பழகினனான்.

அந்த ஸ்லைட்டெல்லாம் பெட்டியில போய், சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியில ஒராள் இருந்து ஒவ்வொண்டாப் பாத்து, முடிவு திரும்பி அந்தக் கிராமத்துக்கு வரேக்கை சில நேரம் ஒரு கிழமை. முடிவைக் கொண்டு போனால் ஆள் கொட்டில்ல இருக்காது, வயலுக்கோ வேற ஊருக்கோ போயிருக்கும். ஒரு கிழவி என்னிட்டைக் கேட்டவ: "தம்பி, போனமுறையும் ரத்தம் எடுத்தவை, ஒண்டும் சொல்லேல்லை, அதை என்ன செய்யிறியள்?" பதில் சொல்லத் தெரியாமல் நிண்டன். அவவுக்கு அடுத்தமுறை காய்ச்சல் வந்தா அவ ஏன் வரப்போறா?

இப்ப ஆர்.டி.ரி. எண்டு ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பட்டி வந்திட்டுது. ஒரு துளி ரத்தம், ரெண்டு மூண்டு சொட்டு மருந்துத் தண்ணி, கால் மணித்தியாலம் பொறுத்தால் கோடு தெரியும். மலேரியாவுக்கு வந்த சாமானுக்குள்ள இது எனக்குப் பெரிய விசயம்.

8 நவம்பர், காலை 7.10

அதோட சேத்து இதையும் சொல்லவேணும். அந்த மொய் ஆத்துப் பக்கம் ஷொக்லோ மலேரியா ஆராய்ச்சி நிலையம் எண்டு 1986ல இருந்து வேலை செய்யுது. மே சொட்டில 1989ல சிந்தியா மவுங் எண்ட கரென் டொக்டர் தொடங்கின மே தாவ் கிளினிக், தானே அகதியா வந்த மனிசி, கடுதாசி இருக்கோ எண்டு கேக்காமல் வைத்தியம் பாத்த இடம். 2014க்குப் பிறகு ஷொக்லோ ஆக்கள் ஆத்துக்கு மற்றப் பக்கம், கரென் ஊர்களுக்குள்ள 1200க்கு மேல மலேரியா நிலையம் போட்டவை. நிலையம் எண்டால் கட்டிடம் இல்லை, அந்த ஊர் ஆள் ஒராள், அவரிட்டை சோதனைப் பட்டியும் குளிசையும், அவ்வளவுதான். பல்சிபாரம் நல்லா விழுந்தது. கிளினிக்குக்கு வா எண்டு சனத்தைக் கூப்பிடாமல், கிளினிக்கைக் கொட்டிலடிக்குக் கொண்டு போனவை. பிறகு 2021 பெப்ரவரியில ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது, சண்டை, சனம் ஓட்டம், எல்லை ரெண்டு பக்கமும் மலேரியா திரும்ப ஏறினது. அதே சனம்தான், அறிவு ஒண்டும் குறையேல்லை. குளிசை வைச்சிருந்த பக்கத்து வீட்டுக்காரனும் ஓடிட்டான்.

விழிப்புணர்வுக் கூட்டம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை, முதல்நாள் கோவத்தில அப்பிடி வந்திட்டுதோ தெரியாது. ஒரு விசயத்துக்குக் கட்டாயம் வேணும்: வைவாக்ஸ் எண்ட மற்ற மலேரியா வகைக்கு வழமையா 14 நாள் பிரைமாகுயின் குளிசை குடிக்கவேணும், காய்ச்சல் மூண்டாம் நாளே விட்டிடும், மிச்சக் குளிசை முகட்டில செருகுப்படும். ஈரலுக்குள்ள நித்திரை கொள்ளுற கிருமி மாதங்கள் கழிச்சு எழும்பும். அதை ஆறுதலா இருந்து சொல்லத்தான் வேணும். ஆனா குளிசையைக் குடுத்த ஆள் சொன்னாத்தான் காதில ஏறும்.

9 நவம்பர், இரவு 9.55

"எங்கட இடத்தில" எண்டதுக்கு இப்ப வாறன். இதை எழுதலாமோ எண்டு மனிசியிட்டையும் கேட்டிட்டுத்தான் எழுதிறன்.

2013. மனிசியின்ர தம்பி, அப்ப 24 வயசு, கனடா எண்டு ஏஜென்சிக்குக் காசு கட்டி மேற்கு ஆபிரிக்காவில ஒரு வீட்டுக்குள்ள நாலு மாதம் அடைபட்டுக் கிடந்தவர். அந்த நேரம் எங்கட பெடியள் கனபேர் அந்தப் பாதையால போய் அம்பிட்டவை, திரும்பி வந்தவையில மலேரியாவோட வந்தவையும் இருக்கினம், கூட்டமா அனுப்பப்பட்டவைக்கு விமான நிலையத்திலயே ரத்தம் பாத்தவை. மச்சான் தனியா டிக்கட் எடுத்து வந்தவர், அந்தச் சோதனைக்குள்ள வரேல்லை. யாழ்ப்பாணம் வந்து ஒன்பதாம் நாள் காய்ச்சல்.

ரெண்டு நாள் பனடோல். மூண்டாம் நாள் ஒரு தனியார் கிளினிக், டெங்கு பாத்தவை, இல்லை. நாலாம் நாள் பிளேற்லெட் குறைஞ்சிட்டுது எண்டு ஒரு ஆஸ்பத்திரியில விட்டம். அங்கையும் டெங்கு வோட்டு, டெங்குக் கட்டில், டெங்கு வலை, மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் தண்ணிக் கணக்கு. மாரி காலம், யாழ்ப்பாணத்தில காய்ச்சல் எண்டால் டெங்கு, அது இல்லாட்டி நெருப்புக் காய்ச்சல். எங்கை போய் வந்தனீ எண்டு ஒரு ஆள் கேக்கேல்லை. மச்சானும் வாய் திறக்கேல்லை. போன விசயம் வெளியில தெரிஞ்சால் விசாரணை வரும் எண்டு பயம், கட்டின காசு போனது ஊருக்குத் தெரியும் எண்டு வெக்கம். மாமி பக்கத்தில இருந்து கொண்டு "கொழும்பில வேலையா நிண்டவர்" எண்டு சொன்னவ.

ஆறாம் நாள் இரவு, கண் மஞ்சளிச்சு அலட்டத் தொடங்கிட்டுது. டியூட்டிக்கு வந்த சின்ன டொக்டர் பிள்ளை, என்னை வெளியில கூப்பிட்டு, "அண்ணை, நான் பொலிசுக்குச் சொல்லமாட்டன், இவர் எந்த நாட்டில இருந்து வந்தவர்?" எண்டு கேட்டா. எப்பிடிக் கண்டுபிடிச்சா எண்டு பிறகு கேட்டனான். தலைமாட்டில இருந்த பையில விமான டிக்கட்டின்ர ஸ்ரிக்கர் துண்டு ஒட்டியிருந்ததாம்.

அரை மணித்தியாலத்தில ரத்தம் பாத்தாச்சு, பல்சிபாரம். மலேரியா தடை இயக்கத்துக்கு அறிவிக்க, மருந்தோட அவை வந்திட்டினம். ஊசியும் பிறகு குளிசையும். நாலாம் நாள் எழும்பி இருந்தார். பிறகு ஒவ்வொரு கிழமையும் வீட்டை வந்து ரத்தம் பாத்தவை, ஒரு மாதம் மட்டும், கிணத்தையும் தண்ணித் தொட்டியையும் ரோச் அடிச்சுப் பாத்துக் கூத்தம்பி எடுத்துக் கொண்டு போனவை.

ஆறு நாள். மொய் ஆத்தங்கரைக் கூலிக்காரன்ர கணக்கை விடக் கூட. ரோட்டு இருந்தது, ஓட்டோ இருந்தது, வீட்டில இருந்து பத்து நிமிசத்தில ஆஸ்பத்திரி. கடுதாசிப் பயம் ரெண்டு இடத்திலயும் ஒண்டுதான்.

10 நவம்பர், காலை 6.15

"இலங்கையில மலேரியா 2016ல முடிஞ்சது, 2013ல உள்ளூரிலயே வந்திருக்கலாமே" எண்டு ஒராள் கேட்டிருக்கிறார். உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது 2016 செப்டம்பர். அதுக்கு முந்தி உள்ளூரில கடைசியாத் தொத்தினது 2012 ஒக்டோபர். மூண்டு வருசம் தொடர்ந்து ஒண்டும் இல்லாட்டித்தான் சான்றிதழ். மச்சானுக்கு வந்தது ஆபிரிக்காவில இருந்து கொண்டு வந்தது.

1963ல நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா. முடிஞ்சுது எண்டு கை விட்டவை. 1969ல அஞ்சு லட்சத்துக்கு மேல. இதை அம்மா வகுப்பில சொல்லுறவ, "பதினேழு" எண்டு கரும்பலகையில எழுதிப்போட்டு, பிறகு பக்கத்தில மற்ற இலக்கத்தை எழுதுவா.

இன்னொண்டு. 2016 கடைசியில மன்னாரில அனோபிலிஸ் ஸ்டெபென்சி எண்ட நுளம்பைப் பிடிச்சவை, பிறகு யாழ்ப்பாணத்திலயும். இந்தியப் பட்டினங்களில மலேரியா பரப்புறது அதுதான். இலங்கையில முந்தி மலேரியா பரப்பின முக்கிய நுளம்பு பெரும்பாலும் ஆத்துக் குட்டையிலதான் பெருகினது, யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை. இதுக்குக் கிணறும் சீமெந்துத் தொட்டியும் காணும். யாழ்ப்பாணத்தில எத்தினை கிணறு எண்டு யோசியுங்கோ. பலாலியில இருந்து சென்னைக்குப் பிளேன், காங்கேசன்துறையில இருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல். எல்லைச் சனம் எண்டு எங்கையோ தூரத்தில தேடத் தேவையில்லை.

கோயில் குளம், கலியாணம், வியாபாரம், எதுக்குப் போனாலும் சரி, இந்தியாவோ ஆபிரிக்காவோ போய் வந்து காய்ச்சல் எண்டால், மாதம் கழிஞ்சு வந்தாலும், டொக்டர் கேக்க முந்தி நீங்களே சொல்லுங்கோ. ஆபிரிக்கா போறதெண்டால் போக முந்தியே தடை இயக்கத்தில காவல் குளிசை காசில்லாமல் தருவினம்.

10 நவம்பர், இரவு 10.40

கேள்வி கேட்டவர் தன்ர அப்பா போனமாதம் திருச்சி போய் வந்தவர், ரெண்டு நாளாக் காய்ச்சல், பனடோல் குடுத்து வைச்சிருக்கு எண்டு இப்பதான் எழுதியிருக்கிறார்.

விடியட்டும் எண்டு பாக்காதேங்கோ. இப்பவே கொண்டு போங்கோ. திருச்சி எண்டதை வாசலிலேயே சொல்லுங்கோ. மலேரியாவா இல்லாட்டி நல்லதுதான்.

12 நவம்பர், இரவு 9.20

அப்பாவுக்கு ரத்தம் பாத்தாச்சாம், மலேரியா இல்லை, டெங்கு. வோட்டில இருக்கிறார், பரவாயில்லையாம். நேரத்துக்குப் போனது எதுக்கும் நல்லதுதான்.

தம்பியிட்டையும் கேட்டனான், அவனுக்கு இப்ப ரெண்டு பிள்ளையள், கிளிநொச்சியிலதான் இருக்கிறான். வலிப்பு, ஆஸ்பத்திரியில டெக்ஸ்ரோஸ் போத்தலுக்குள்ள குயினைன் விட்டு ஏத்தினது, பக்கத்துக் கட்டில் பிள்ளையை வெள்ளைச் சீலையால மூடிக் கொண்டு போனது, ஒண்டும் ஞாபகம் இல்லையாம். ஒண்டே ஒண்டு ஞாபகமாம். அதே லாண்ட்மாஸ்டர், அதே ஆள் நடுச்சாமத்தில எழும்பி வந்து கொண்டு போனவர். பெட்டிக்குள்ள வைக்கல் போட்டு அம்மான்ர மடியில கிடந்தவனாம். மேல பாலை மரக் கொப்புகள் ஓடிக் கொண்டு இருந்ததாம், இடையில இடையில வெள்ளி தெரிஞ்சதாம். அம்மா அவன்ர காதுக்குள்ள ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொண்டு வந்தவவாம், அவன் நித்திரையாப் போயிடாமல் இருக்க, ஒவ்வொரு வரிக்கும் விடையை அவனைச் சொல்லச் சொல்லி.